காயம் ஆறட்டும்: தூண் கள்ளித் துண்டை வேர் பிடிக்க வைப்பது

சில வாரங்களுக்கு முன் பெரியவர் ஒருவர் எங்கள் நர்சரிக்கு வந்தார். கையில் பழைய துண்டால் சுற்றிய இரண்டடி உயரத் தூண் கள்ளி. பெரிய செடியிலிருந்து வெட்டி, அன்றைக்கே தொட்டியில் நட்டாராம். மூன்று வாரமாகத் தினமும் ஒரு குவளைத் தண்ணீர். வாங்கிப் பார்த்தேன். மேலே பச்சையாக, அழகாகத்தான் இருந்தது. அடிப்பகுதியில் விரலை வைத்ததும் நனைந்த பஞ்சு மாதிரி உள்ளே போனது, கூடவே ஒரு புளித்த வாடை.

"தண்ணி பத்தலையோ தம்பி?" என்றார்.

"இல்ல சார், தண்ணிதான் இப்படிப் பண்ணியிருக்கு."

அவர் நம்பவில்லை. நம்பாததில் ஆச்சரியமும் இல்லை. செம்பருத்தியோ ரோஜாவோ போத்து நட்டுப் பழகிய கைக்கு, வெட்டியதும் மண்ணில் செருகித் தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. கள்ளியில் அதே முறை தலைகீழாகிவிடுகிறது. என்னிடம் வரும் கள்ளிச் சாவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். காய்ந்து செத்ததாக அபூர்வமாகத்தான் வரும்.

காரணம் எளிது. இலையுள்ள போத்து இலை வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். வேர் வரும்வரை அதை ஈரமாக வைத்திருக்காவிட்டால் வாடிப்போகும். தூண் கள்ளிக்கு இலை கிடையாது. தண்டே தண்ணீர்த் தொட்டி, மேலே மெழுகுத் தோல். பகலில் அது மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிர்ச்சியில்தான் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். தடித்த துண்டை வேரே இல்லாமல் சில மாதங்கள் போட்டு வைத்தாலும் கொஞ்சம் சுருங்குமே தவிர சாகாது. ஆகவே அதற்குத் தாகம் என்பது நம் கற்பனை. அதற்கு இருப்பது ஒரு திறந்த காயம். ஈர மண்ணில் பியூசேரியம், பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் காத்துக் கிடக்கின்றன. பச்சைக் காயத்தை அதற்குள் புதைப்பது அவற்றுக்கு விருந்து வைப்பது போலத்தான்.

வெட்டுவதற்கு முன் ஒரு விஷயம். உங்களிடம் இருப்பது காக்டஸ்தானா? நம் மொழியில் கள்ளி என்ற சொல் இரண்டு வெவ்வேறு குடும்பங்களுக்கும் பொதுவாகிவிட்டது. சப்பாத்திக்கள்ளி காக்டஸ் குடும்பம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா, ஆமணக்குக்குச் சொந்தம். தொட்டிகளில் தூண் போல நிற்கும் யூஃபோர்பியா டிரைகோனா, யூஃபோர்பியா இன்ஜென்ஸ் போன்றவற்றைக் காக்டஸ் என்றே நினைத்து வளர்ப்பவர்கள் ஏராளம். வித்தியாசம் தெரிய முள்ளின் அடியைப் பாருங்கள். காக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். இந்த யூஃபோர்பியாக்களில் பஞ்சு இருக்காது. முள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் ஊசியால் லேசாகக் குத்துங்கள். வெள்ளைப் பால் துளிர்த்தால் அது யூஃபோர்பியா. தூண் காக்டஸில் கசிவது தெளிந்த, கொழகொழப்பான சாறு.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கள்ளிப்பால் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. கடுமையான எரிச்சலும் வீக்கமும் வரும், சில நாள் பார்வையே மங்கலாம். எங்களிடம் வேலை பார்த்த பையன் ஒருவன் வெட்டிய கையாலேயே வியர்வையைத் துடைத்தான். அன்று இரவு முழுக்க அவனுக்குத் தூக்கமில்லை. யூஃபோர்பியாவை வெட்டினால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெட்டிய முனையைத் தண்ணீரில் முக்கினால் பால் நிற்கும். அப்புறம் உலர விடலாம். பால் கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். கழுவியதும் சரியாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

சரி, காக்டஸ்தான் என்று உறுதியாகிவிட்டது. வெட்டுவதற்கு வெதுவெதுப்பான, ஈரமில்லாத பருவம் நல்லது. செடி வளர்ந்துகொண்டிருக்கும் காலமாக இருந்தால் வேரும் சீக்கிரம் வரும். 20 முதல் 30 செ.மீ. நீளத் துண்டு கையாளச் சுலபம். நீளமாகவும் வெட்டலாம், எடையைத்தான் பலர் யோசிப்பதில்லை. 10 செ.மீ. தடிமனில் ஒரு மீட்டர் தண்டு என்றால் ஐந்தாறு கிலோ முள்ளோடு கையில் விழும். கையுறையை மட்டும் நம்பாதீர்கள், நீண்ட முள் அதையும் துளைத்துவிடும். செய்தித்தாளை நாலைந்து மடிப்பாகக் கயிறு போலச் சுற்றி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளலாம், அல்லது பழைய கால்மிதித் துணியால் சுற்றலாம்.

கத்தியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒரே இழுப்பில் வெட்டுங்கள். தடித்ததென்றால் பல்லுள்ள நீளக் கத்தி. வெட்டியதும் வெட்டு முகத்தைப் பாருங்கள். வெளியே பச்சைச் சதை, நடுவில் வெளிறிய ஒரு வளையம். அந்த வளையம்தான் தண்ணீர் ஏறும், உணவு இறங்கும் குழாய். வேரும் பெரும்பாலும் அந்த வளையத்தை ஒட்டித்தான் கிளம்பும். அழுகலும் அதே வழியாகத்தான் மேலே ஏறும். வளையத்தில் காவி நிறமோ ஆரஞ்சுப் புள்ளியோ தெரிந்தால், சுற்றியுள்ள சதை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தத் துண்டை அப்படியே விடக்கூடாது.

பெரியவர் கொண்டுவந்த துண்டை அவர் முன்னாலேயே வெட்டினேன். கூழான அடியைக் கழித்துவிட்டு, ஒரு விரல் தடிமனில் வில்லை வில்லையாக மேலே போனேன். முதல் வில்லையில் வளையம் முழுக்கப் பழுப்பு. மூன்றாவதில் பாதி வட்டம். ஐந்தாவதில் சதை பளிச்சென்று இருந்தது, "போதுமே" என்றார். வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். ஊசி முனை அளவில் இரண்டு புள்ளிகள். ஏழாவது வில்லையில்தான் வளையம் சுத்தமாக வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தியைத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் நாமே அழுகலை மேலே பூசிக்கொண்டு போவோம். இரண்டடி ஒரு அடியானது. அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு அடி பிழைத்துக்கொள்ளும்.

வெட்டியபின் அடி விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடுங்கள், மழுங்கிய பென்சில் மாதிரி. காயும்போது சதை உள்வாங்கும், தோல் வாங்காது. சீவாமல் விட்டால் அடி கிண்ணம் போலக் குழிந்து வளையம் உள்ளே போய்விடும், வேருக்கு மண் எட்டாது. நடுத்துண்டாக இருந்தால் எது மேல், எது கீழ் என்று பேனாவால் ஓர் அம்பு போட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சத்தியமாக ஞாபகம் இருக்காது.

அப்புறம் காத்திருப்பு. இங்கேதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். 10 செ.மீ. தடிமன் என்றால் மூன்று முதல் ஆறு வாரம். நாட்காட்டியைவிடக் கைதான் சரியான அளவுகோல். வெட்டு முகத்தை அழுத்தினால் காய்ந்த தோல் செருப்பைத் தொடுவது போல இருக்க வேண்டும், எங்கும் குளிர்ச்சியோ நெகிழ்வோ இருக்கக்கூடாது. அந்தப் பொருக்குத்தான் கள்ளி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு. நிழலும் காற்றும் உள்ள இடத்தில், காலித் தொட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். நாள்கணக்கில் படுக்க வைத்தால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளையும், தரைப்பக்க முகடு (தண்டில் நீளவாக்கில் ஓடும் புடைப்பு) நெடுக வேர் முளைக்கும். பிறகு நட்டாலும் கோணல் போகாது. பிளாஸ்டிக் பையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

காற்றோட்டம் என்று சும்மா சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நாற்பது துண்டுகளை வெட்டி ஒரு மூடிய அறையில் அடுக்கி வைத்தேன். அந்த நேரம் பார்த்து விடாமல் மழை. பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்தால் பாதிக்கு மேல் வெட்டு முகத்தில் பூசணம். இப்போதெல்லாம் ஈரமான நாட்களில் ஒரு மின்விசிறியை மெதுவாக ஓட விட்டுவிடுகிறேன்.

மஞ்சள் தூள், இலவங்கப்பட்டைத் தூள், கந்தகத் தூள் என்று பலரும் கேட்கிறார்கள். நான் கந்தகம் தூவுவதுண்டு, ஈரமான நாட்களில் மட்டும். மற்றவை கெடுதல் செய்ததாக நான் பார்த்ததில்லை, ஆனால் எந்தத் தூளும் காய வேண்டிய நாட்களைக் குறைத்துத் தராது. வேர் ஊக்கிப் பவுடர் பெரும்பாலான தூண் கள்ளிகளுக்குத் தேவையே இல்லை. செரியஸ், மிர்ட்டிலோகாக்டஸ் எல்லாம் தரையில் கிடந்தாலே வேர் விடும். சகுவாரோ மாதிரி சில இனங்கள் வேறு ரகம். அவை துண்டில் லேசில் வேர் விடாது, விதைதான் வழி.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதிக்கு மேல் பெர்லைட், ப்யூமிஸ், உடைந்த செங்கல், கரடான ஆற்று மணல் போன்ற பொடிக்கல்லாக இருக்கட்டும். கடல் மணல் உப்பு, வேண்டாம். தொட்டி துண்டைவிடச் சற்றுத்தான் அகலமாக இருக்க வேண்டும், மண் தொட்டியானால் நல்லது. அடியில் சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் மேலேயுள்ள பொடி மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சரளைக்கு எளிதில் விடாது. ஈரம் வேருக்குப் பக்கத்தில்தான் தேங்கும். முழுத் தொட்டிக்கும் ஒரே கலவையைப் போடுங்கள். ஆழமாகப் புதைக்காமல் மூன்று முதல் ஐந்து செ.மீ. மட்டும் நட்டு, விழாமலிருக்க இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

நட்ட அன்று தண்ணீர் வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நனைத்துவிட்டு, மண் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் வரும், குளிர்காலமானால் இன்னும் இழுக்கும். நுனியில் புது முள் வருவதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று பலர் கொண்டாடுகிறார்கள். தண்டில் சேமித்த தண்ணீரை வைத்தே அது கொஞ்சம் வளரும், ஏமாற வேண்டாம். முட்களுக்கு இடையே பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். தடுத்தால் வேர் இருக்கிறது. சுருங்கிய முகடுகள் தண்ணீர் ஊற்றிய சில நாளில் உப்பினால் இன்னும் உறுதி. அதன் பிறகுதான் உரம், அதுவும் நைட்ரஜன் குறைவாக. தினம் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிஞ்சு வேர் அதிலேயே ஒடியும்.

நேர் வெயிலுக்கு உடனே கொண்டு போகாதீர்கள். வெயில் சுட்ட தோல் வெளுத்து, பிறகு தழும்பாகிவிடும், ஆறாது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். அதற்காக இருட்டு மூலையிலும் வைக்கக்கூடாது. நுனி மெலிந்து கழுத்து போல நீளும். பின்னால் நல்ல வெளிச்சம் கிடைத்து மேலே தடித்தாலும், அந்த மெலிந்த இடத்தில்தான் ஒருநாள் ஒடியும். அடித்தண்டு பழுப்பாகி மரப்பட்டை போல ஆவதைப் பார்த்துப் பயந்து வருபவர்களும் உண்டு. அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வயதுதான், நோயில்லை.

துண்டு கிடைக்காமல் விலைக்கு வாங்குபவர்கள் ஒன்று கேட்க வேண்டும்: இது நர்சரியில் பெருக்கியதா, காட்டிலிருந்து பெயர்த்ததா? 2015-ல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று காக்டஸ் இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. சட்டவிரோதமாகப் பெயர்த்து விற்பதும் அதற்கு ஒரு காரணம். அழியும் ஆபத்துள்ள செடி, விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் சில விதிவிலக்குகள் தவிர காக்டஸ் குடும்பம் முழுவதும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும் மலிவான பெரிய செடி, அடியில் பழைய வேர்த் தழும்புகளும் ஒழுங்கற்ற கீறல்களுமாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

வெட்டியது போக மிச்சத் துண்டுகளை வெளியே புறம்போக்கில் எறியாதீர்கள். கிடந்த இடத்திலேயே வேர் விடும் இந்தக் குணமும் சேர்ந்துதான் ஆஸ்திரேலியாவில் சப்பாத்திக்கள்ளியை 1920-களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேருக்குப் பரப்பியது. கடைசியில் காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் செரியஸ் ஜமகாரு என்ற தூண் கள்ளியே இன்று களை. துண்டுகளை வெயிலில் முழுக்கக் காய வைத்து, சருகான பிறகு அப்புறப்படுத்துங்கள்.

தாய்ச்செடியை மறந்துவிட்டேன். அதன் வெட்டு முகத்தைத் தட்டையாக விடாமல் கொஞ்சம் சரிவாக வெட்டிவிடுங்கள், தண்ணீர் தேங்காது. பொருக்கு கட்டும்வரை மேலே நனையக்கூடாது. சில வாரத்திலோ சில மாதத்திலோ வெட்டுக்குக் கீழேயுள்ள பஞ்சுப் பொட்டுகளில் பட்டாணி அளவில் பச்சைக் குமிழ்கள் தெரியும். இரண்டு மூன்று வந்தால் அத்தனையையும் விடலாம், கிளையாகும். பெரியவர் வீட்டுத் தாய்ச்செடியில் மூன்று வந்திருப்பதாகப் போன வாரம் வந்து சொன்னார். ஒரு அடித் துண்டு இன்னும் காலித் தொட்டியில்தான் நிற்கிறதாம். எப்போது நடலாம் என்று கேட்டார். அழுத்திப் பார்த்தீர்களா என்றேன். நடுவில் இன்னும் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது என்றார். இன்னும் பத்து நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.