காலவரம்பா, காலாவதியா?

சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் ஒரு பழைய தாளை என் முன் விரித்தார். தெரிந்தவருக்கு இங்கேயே கொடுத்த வட்டியில்லாக் கைமாற்று. மடிப்பு விழுந்த இடத்தில் மை தேய்ந்திருந்தது. கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. "மூணு வருஷம் தாண்டிருச்சு, காலாவதி ஆயிடுச்சு. விட்டுட்டேன்" என்றார்.

மூன்று ஆண்டு என்பது ஊர்க் கணக்கு, இந்தியச் சட்டம். சிங்கப்பூரின் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு.

அவரைக் குழப்பியதில் 'காலாவதி' என்ற சொல்லுக்கும் பங்குண்டு. காலம் + அவதி; வடமொழியில் அவதி என்றால் எல்லை. பொருளில் பிழையில்லை. ஆனால் மருந்து அட்டையிலும் பால் பெட்டியிலும் பார்த்துப் பார்த்து, 'கெட்டுப்போனது, தூக்கிப் போடு' என்றே மனத்தில் பதிந்துவிட்டது. கடன் அப்படிக் கெடுவதில்லை. கெடு கடந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடும், அதுவும் எதிர்த்தரப்பு அதை வாதமாக எடுத்து வைத்தால்தான். இடையில் கடன் வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, கொஞ்சம் பணம் கட்டினாலோ, அன்றிலிருந்து கணக்கு புதிதாக ஓடும்.

வழக்குப் போடும் இந்தக் கெடுவை ஆங்கிலத்தில் 'லிமிட்டேஷன்' என்பார்கள். அதன் லத்தீன் வேரான 'லீமெஸ்' வயல்களுக்கு நடுவே போகும் வரப்பைக் குறித்த சொல். நம் 'வரம்பு'க்கும் வயல் வரப்பு என்று பொருளுண்டு! இரண்டு மொழியும் ஒரே வயலில் வந்து நிற்கும்போது வேறு சொல் எதற்கு? 'காலவரம்பு' என்பதே சரி. 'காலவரையறை'யும் தவறில்லை, ஆனால் வரையறை என்றதும் இலக்கணம்தான் நினைவுக்கு வருகிறது.

வரப்பு எல்லா வயலுக்கும் ஒரே இடத்தில் இருக்காது. ஒருவரின் கவனக்குறைவால் உடலில் காயம் பட்டால் வழக்குப் போட 3 ஆண்டு. நிலத்தை மீட்க 12. குற்ற வழக்குகளுக்குப் பொதுவான காலவரம்பே கிடையாது.

நம் தொழிலாளர்கள் தவறவிடுவது சம்பளப் பாக்கியைத்தான். வேலையில் இருக்கும்போது 1 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். வேலை முடிந்துவிட்டால் கடைசி நாளிலிருந்து 6 மாதம். அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் பொதுவாக 1 மாதம்தான். முதலாளி 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று சொல்வதை நம்பிக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நண்பரின் தாளில் பணத்தைத் திருப்பித் தரும் தேதி எழுதியிருந்தது. அந்தத் தேதியிலிருந்து இருவரும் விரல்விட்டு எண்ணினோம். இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது.