பனிக்கு நடுவே தாகம்: மலையுச்சிக் குறும்புதர்களின் இலை

ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் வளராத உயரத்தில் தரையோடு ஒட்டிப் படரும் புதர்களில் ஒன்று ஆல்பைன் அசேலியா. செடியின் உயரமே சில சென்டிமீட்டர்தான். இலை ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. ஆனால் குளிர்காலம் முழுக்க அந்த இலை உதிராது.

குளிர்தான் இதற்குப் பெரிய எதிரி என்று தோன்றும். தாகத்தையும் அதே அளவுக்கு அஞ்ச வேண்டும். குளிர்காலத்தின் கடைசியில் வெயில் ஏறும்போது, பனிப்போர்வை விலகிய இடத்தில் இலை சூடாகி ஈரத்தை இழக்கத் தொடங்கும். மண்ணோ இன்னும் உறைந்தே கிடக்கும். வேரால் அதிலிருந்து நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் பனி கிடந்தும் செடி வறண்டு சாகலாம்.

இந்த இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். மேற்புறம் தடித்த, மெழுகு பூசியதுபோன்ற தோல். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்திருக்கும். அடிப்புறத்தில் நடு நரம்பின் இரு பக்கமும் இரண்டு பள்ளங்கள், அவற்றில் நுண்ணிய முடிகள். காற்று உள்ளே போய்வரும் இலைத்துளைகள் அங்கேதான் இருக்கின்றன. குரோபெர்ரி என்ற செடியில் மடிப்பு இன்னும் அதிகம்: இரண்டு ஓரமும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டு, இலையே ஒரு குழாய் மாதிரி ஆகிவிடும்.

இதனால் என்ன பயன்? காற்று வறண்டிருந்தால் ஈரம் வேகமாக வெளியேறும். காற்று வீசினால் இன்னும் வேகமாக. ஆனால் மடிப்புக்குள் காற்று அசையாது. துளையிலிருந்து வந்த நீராவி அங்கேயே தேங்குவதால் உள்ளே ஈரப்பதம் கூடும், இழப்பும் குறையும். ஆல்ப்ஸில் வளரும் ரோடோடென்ட்ரான் என்ற புதர்வகை ஒன்றோ, மடிப்புக்குப் பதிலாக இலையின் அடியில் துருநிறச் செதில்களை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது.

சரி, இவ்வளவு பாடுபடாமல் இலையை உதிர்த்துவிடலாமே? அங்கே வளரும் பருவம் சுமார் இரண்டு மூன்று மாதம்தான். குளிர்ந்த மண்ணில் நைட்ரஜனும் எளிதில் கிடைக்காது. ஒவ்வொரு வருடமும் எல்லா இலைகளையும் புதிதாகச் செய்ய அந்தச் செடிக்குக் கட்டுப்படியாகாது. பழைய இலை இருந்தால் பனி உருகிய உடனே உணவு தயாரிக்கத் தொடங்கிவிடலாம்.

அப்புறம் வெளிச்சம். கடும் குளிரில் இலையின் நொதிகள் மந்தமாகிவிடும், பச்சையமோ ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும். செலவாகாத அந்த ஆற்றல் இலையையே சிதைத்துவிடும். அதனால் ஸியாக்சாந்தின் என்ற மஞ்சள் நிறமியின் துணையோடு அதை வெப்பமாக மாற்றி வெளியேற்றுகிறது இலை. குளிர்காலத்தில் வெயில் படும் குரோபெர்ரி இலைகள் செம்பழுப்பாக மாறும். கோடை வந்ததும் அதே இலைகள் மறுபடி பச்சையாகும்.