மதிப்பெண் போட்டவர் யார் பக்கம்?

தடயவியல் உளவியல் ஆய்விதழ் ஒன்றை எவ்வளவு நம்பலாம்? அதைச் சொல்லும் முன் ஒரு சோதனை. 2013-இல் அமெரிக்காவில் அதன் முடிவு வெளியானது. நூற்றுக்கும் மேற்பட்ட தடயவியல் உளவியலாளர்களுக்கும் மனநல மருத்துவர்களுக்கும் பணம் கொடுத்து, பாலியல் குற்றவாளிகள் நால்வரின் கோப்புகளை மதிப்பிடச் சொன்னார்கள். எல்லாருக்கும் அதே நான்கு கோப்புகள்தான். ஒரு பகுதியினரிடம் மட்டும் 'உங்களை அமர்த்தியது அரசுத் தரப்பு' என்றும், மற்றவர்களிடம் 'குற்றவாளித் தரப்பு' என்றும் சொல்லியிருந்தார்கள். அரசுத் தரப்புக்கு வேலை செய்வதாக நம்பியவர்கள் ஆபத்து மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார்கள். மற்றவர்கள் குறைத்துப் போட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்த கருவிகளில் ஒன்று, மனப்பிறழ்வு ஆளுமையை (சைக்கோபதி) அளக்கும் பி.சி.எல்-ஆர் என்ற மதிப்பெண் பட்டியல். அதில் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. குற்ற உணர்வு இல்லாமை என்பது அவற்றில் ஓர் அம்சம். கோப்பில் 'விசாரணையின்போது அழுதார்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மனம் வருந்திய அழுகையா, மாட்டிக்கொண்ட அழுகையா? ஒருவர் 0 போடுவார், இன்னொருவர் 2 போடுவார். இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். பாலியல் குற்றவாளி மறுபடி குற்றம் செய்யும் அபாயத்தைக் கணிக்கும் இன்னொரு கருவியான ஸ்டாட்டிக்-99ஆர், வயது, முந்தைய தண்டனைகள் என்று பெரும்பாலும் எண்ணிச் சொல்லக்கூடியவற்றையே கேட்கும். சாய்வு பெரிதாகத் தெரிந்தது பி.சி.எல்-ஆரில்தான். மனம் நுழைய எங்கே இடம் இருக்கிறதோ அங்கேதான் பக்கச்சார்பும் நுழைகிறது.

சரி, இதற்கும் ஆய்விதழுக்கும் என்ன சம்பந்தம்? ஆய்விதழை நடத்துபவர்களும் இதே ஆட்கள்தான். கருவியை உருவாக்குபவர், அதைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர், அச்சேறும் முன் அந்தக் கட்டுரையைப் படித்து மதிப்பாய்வு செய்பவர், கட்டணம் வாங்கிக்கொண்டு கூண்டில் ஏறிச் சாட்சி சொல்பவர் என்று எல்லாரும் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கிறார்கள். மதிப்பாய்வுக்குக் கட்டுரையாளர் பெயரை மறைத்து அனுப்பினாலும், எந்தக் கருவி, எந்த மாதிரிச் சிறைவாசிகள் என்று பார்த்தே எழுதியவரை ஊகித்துவிடலாம். போதாக்குறைக்கு, அச்சில் வந்த கட்டுரைக்கு நீதிமன்றத்திலும் எடை உண்டு. 1993-இல் டாபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவியல் சாட்சியத்தை ஏற்கலாமா என்று பார்க்கும்போது அந்த முறை மதிப்பாய்வுக்கு உட்பட்டு வெளியானதா என்பதையும் கவனிக்கலாம் என்றது. அது மட்டுமே போதும் என்று சொல்லவில்லை, ஆனால் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொள்ள அந்த ஒரு வரி போதாதா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. 2013-இல் வெளியான இன்னொரு அலசல், வன்முறை அபாயத்தைக் கணிக்கும் கருவிகள் பற்றிய 83 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கருவியை உருவாக்கியவரே ஆய்விலும் பங்கெடுத்திருந்தால், கருவியின் கணிப்புத் திறன் மற்ற ஆய்வுகளில் வந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்தது. இதில் மோசடி இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. உருவாக்கியவருக்குக் கருவி அத்துப்படி, மதிப்பெண் போடுபவர்களை நன்றாகப் பழக்கியிருப்பார். சாதகமில்லாத முடிவு மேசை இழுப்பறையிலேயே தங்கியும் இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு: கருவியை உருவாக்கியவர்களோ மொழிபெயர்த்தவர்களோ எழுதிய 25 ஆய்வுகளில் ஒன்றில்கூட அந்தத் தொடர்பு நலன் முரணாக அறிவிக்கப்படவில்லை. அப்படி அறிவிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்த இதழ்களும் அவற்றில் இருந்தன.

அதனால் இதழின் தாக்கக் காரணியைப் பார்த்து நான் மயங்குவதில்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அந்த எண். திட்டுவதற்காக மேற்கோள் காட்டினாலும் அது ஏறும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களைக் கொஞ்சம் தேடினாலே பிடித்துவிடலாம். கஷ்டம் நல்ல இதழ்களில்தான். கட்டுரையைக் கடைசியிலிருந்து படிக்கிறேன். அறிவிப்புப் பகுதியில் என்ன இருக்கிறது, கருவியின் கையேட்டில் இவர் பெயர் இருக்கிறதா, மதிப்பெண் போட்டவருக்கு, மதிப்பிடப்பட்ட ஆள் பின்னாளில் மறுபடி குற்றம் செய்தது முன்பே தெரியுமா, ஆசிரியர் குழுவில் யார் யார். அப்புறம்தான் முடிவுகள். முந்தைய இதழ்களையும் புரட்டி, கருவி தோற்றுப்போனதாகச் சொல்லும் கட்டுரை ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. குற்றச் செயல் என்பது மனப்பிறழ்வு ஆளுமையின் மையக் கூறுதானா என்று பி.சி.எல்-ஆரை முன்வைத்துக் கேள்வி எழுப்பிய ஒரு கட்டுரை, மதிப்பாய்வில் தேறி அச்சுக்குக் காத்திருந்தது. வழக்குப் போடுவேன் என்று கருவியை உருவாக்கியவர் எச்சரித்தார். ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2010-இல்தான் அது வெளியானது. இடைப்பட்ட காலத்து இதழ்களை எடுத்து எத்தனை முறை புரட்டினாலும், அங்கே ஒரு கட்டுரை குறைகிறது என்பதற்கு எந்தத் தடயமும் கிடைக்காது.