யுதி, யோகம், சேர்க்கை: ஒரே ராசியில் கோள்கள் கூடினால் என்ன பெயர்?

ஜாதகக் கட்டத்தில் இரண்டு கோள்கள் ஒரே ராசியில் நின்றால் சிலர் யுதி என்பார்கள், சிலர் யோகம் என்பார்கள், பெரும்பாலானோர் கிரகச் சேர்க்கை என்பார்கள். மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஜாதகம் பார்த்தால் பலன் சொல்வதில்தான் தடுமாற்றம் வரும்.

யுதி வடசொல். சேர்த்தல், இணைத்தல் என்று பொருள்படும் 'யு' என்ற வேரிலிருந்து வந்தது. சூரிய சித்தாந்தம் என்ற வானியல் நூலில் கிரகயுதிக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. யார் யாரோடு கூடுகிறார் என்பதைப் பொறுத்து அங்கே பெயர் மாறுகிறது. செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐந்தும் தங்களுக்குள் நெருங்கினால் யுத்தம் (போர்) அல்லது சமாகமம் (சந்திப்பு). சந்திரனோடு கூடினால் சமாகமம். சூரியனோடு கூடினால் அஸ்தமனம், அதாவது சூரிய ஒளியில் மறைந்து போதல். இன்றைய ஜோதிடர்கள் சொல்லும் கிரக யுத்தமும் அஸ்தங்கமும் இந்த வழியில் வந்தவைதான். கண்ணால் வானத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. ஆகவே யுதி என்பது ஒரு நிலையைச் சொல்லும் சொல். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு அதில் இல்லை.

யோகம் அப்படி இல்லை. 'யுஜ்' என்ற வேரில் பிறந்த அதற்கும் இணைப்பு என்பதுதான் முதல் பொருள். ஆனால் ஜோதிடத்தில் அது, கோள்களின் ஓர் அமைப்பும் அந்த அமைப்புக்குச் சொல்லப்படும் பலனும் சேர்ந்த பெயராக வளர்ந்துவிட்டது. கஜகேசரி யோகத்துக்குக் குருவும் சந்திரனும் ஒரே ராசியில் இருக்க வேண்டியதில்லை. சந்திரன் நின்ற ராசியிலிருந்து எண்ண 4, 7, 10-ஆம் ராசியில் குரு நின்றாலும் போதும். சேராமலே யோகம் உண்டு, சேர்ந்தும் யோகம் ஆகாதது உண்டு. பேச்சுத் தமிழிலோ யோகம் என்றால் அதிர்ஷ்டம். அதனால்தான் 'உங்களுக்குப் புதாதித்ய யோகம் இருக்கிறது' என்றதும் கேட்பவருக்கு முகம் மலர்கிறது. சூரியனும் புதனும் ஒரே ராசியில் கூடுவதுதான் இந்த யோகம். சூரியனை விட்டுப் புதன் 28 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் விலகுவதே இல்லை. எனவே இந்த இருவரும் ஒரே ராசியில் இருப்பது மிகச் சாதாரணம். போதாததற்கு, சூரியனிலிருந்து 14 பாகைக்குள் வரும் புதனை அஸ்தங்கம் என்று நூல்கள் பலம் குறைத்தும் சொல்கின்றன. இந்த ஓர் அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவருக்கு நம்பிக்கை கொடுப்பது நியாயமே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சேர்க்கை என்ற சொல்லே போதும், அதுவே சிறந்ததும்கூட. 'பையனுக்குச் சேர்க்கை சரியில்லை' என்று சொல்கிறோம் அல்லவா? யாரோடு சேர்கிறானோ அவர்களுடைய குணம் ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஜோதிட விதியும் அதுதான். புதன் சுபரோடு (நன்மை தரும் கோளோடு) நின்றால் சுபர், பாவரோடு (தீமை தரும் கோளோடு) சேர்ந்தால் பாவர். ராகுவும் கேதுவும் தங்களோடு நிற்கும் கோளின் பலனை எடுத்துத் தருவார்கள் என்பது விதி. யுதி என்ற சொல்லில் இந்தச் சாயல் கிடையாது.

கிரகம் என்பதற்கும் நமக்குச் சொல் இருக்கிறது. 'பற்றிக்கொள்' என்ற பொருள் உள்ள வடமொழி வேரிலிருந்து கிரகம் வந்தது. கொள் என்ற வினையிலிருந்து கோள் வந்தது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கருத்து. எனவே கோள் சேர்க்கை என்று தயங்காமல் எழுதலாம்.

இன்னும் பழைய சொல்லும் உண்டு. அகநானூற்றின் 136-ஆம் பாட்டில், சந்திரன் சகடத்தோடு, அதாவது ரோகிணியோடு, கூடிய நல்ல நாளில் திருமணம் நடக்கிறது. அந்தக் கூடலைப் பாட்டு 'துகள் தீர் கூட்டம்' என்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி திருமண நாளும் 'வானூர் மதியம் சகடு அணைய' வந்த நாள்தான். கூட்டம், அணைதல் என்று எவ்வளவு இயல்பாகச் சொல்லியிருக்கிறார்கள்! இன்று கூட்டம் என்றால் ஜனத்திரள் என்றே தோன்றுவதால் அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். பொருள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

மாதந்தோறும் நாம் சொல்லும் அமாவாசையும் ஒரு சேர்க்கையின் பெயர்தான். 'அமா' என்றால் கூட, ஒன்றாக. சூரியனும் சந்திரனும் ஒன்றாகத் தங்கும் நாள். அதற்குத் தமிழில் காருவா என்று பெயர் இருந்தது.

அப்புறம், பாகைக் கணக்கு. ஒரு ராசிக்கு 30 பாகை. செவ்வாய் மேஷத்தில் 1-ஆம் பாகையிலும் சுக்கிரன் அதே மேஷத்தில் 29-ஆம் பாகையிலும் இருந்தால் கட்டத்தில் அது சேர்க்கை. அந்தச் சுக்கிரனுக்கு 2 பாகை தள்ளி ரிஷபத்தின் தொடக்கத்தில் குரு இருந்தால் அது சேர்க்கை ஆகாது. இதனால்தான் ராசியளவில் கூடுவதைச் சேர்க்கை என்றும், சில பாகைகளுக்குள் நெருங்குவதை இணைவு என்றும் பிரித்துச் சொல்வது நல்லது என்பேன். ஆதிபத்தியத்தையும், அதாவது லக்னத்திலிருந்து (பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசியிலிருந்து) எண்ண எந்தக் கோள் எந்த வீட்டுக்கு அதிபதி என்பதையும், விடக்கூடாது. கடக லக்னத்துக்குக் குரு 9-ஆம் அதிபதி, செவ்வாய் 5, 10-க்கு உரியவர். அந்தச் சேர்க்கை உயர்வானது. அதே இருவர் துலா லக்னத்துக்கு 3, 6-க்கும் 2, 7-க்கும் உரியவர்கள். சேர்க்கை ஒன்றே, பலன் வேறு.

எந்தப் பஞ்சாங்கம் என்பதும் முக்கியம். 2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் வானத்தில் சுமார் 0.1 பாகை இடைவெளியில் நின்றன. 1623-க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அதுவே முதல் முறை. இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி இருவரும் மகரத்தில் இருந்தார்கள், குரு நீசம் (பலம் குன்றிய நிலை), சனி ஆட்சி (சொந்த வீடு). பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி குரு மகரத்துக்கு வந்துவிட்டார், சனியோ டிசம்பர் 27 வரை தனுசில்தான். அன்று பிறந்த குழந்தைக்கு ஒரு கணக்கில் குரு சனி சேர்க்கை உண்டு, இன்னொரு கணக்கில் இல்லவே இல்லை. ஜாதகம் எந்தக் கணக்கில் கணிக்கப்பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்கையைப் பற்றி வாய் திறக்க வேண்டும்.