புராஸ்டேட் ஊசி: விலை வரம்பும் காப்பீட்டு அட்டையும்

டாக்டர் சீட்டில் ‘லூப்ரோலைடு 11.25 மி.கி.’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. எங்கள் அப்பச்சிக்கு முதல் ஊசி வாங்கக் காரைக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்று கடையில் மூன்று விலை. ஒரு கடைக்காரர் பில் போட்டால் இன்னும் கூடும் என்றார். விதி எதுவும் தெரியாததால் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று எனக்குத் தெரியாதவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலை. 2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. அப்போது புதிதாகச் சேர்ந்த 34-ல் லூப்ரோலைடும் ஒன்று. இந்தப் பட்டியலில் எந்த அளவில், எந்த வடிவில் ஒரு மருந்து இருக்கிறதோ, அதற்கு 2013-ம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை அறிவிக்கும். எந்தக் கம்பெனியும் அதற்கு மேல் விலை வைக்க முடியாது, மேலே ஜி.எஸ்.டி. மட்டும் சேரும். பட்டியலில் இல்லாத அளவாக இருந்தாலும் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் எம்.ஆர்.பி.யை ஏற்றக் கூடாது.

உச்ச விலைக்குக் கீழே கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், அது தப்பில்லை. அதனால் டாக்டரிடமே ‘இதே மருந்து, இதே அளவு, விலை குறைந்த கம்பெனி எது?’ என்று கேட்டுவிடலாம். ‘பார்மா சஹி தாம்’ என்ற அரசு செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் உச்ச விலை தெரியும். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் புகார் நிற்காது, மருந்தில் கோளாறு என்றாலும் கையில் ஆதாரம் இருக்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கம்பெனி கூடுதலாக வாங்கிய தொகையை ஆணையம் வட்டியோடு வசூலித்தாலும் அது அரசுக் கணக்குக்குத்தான் போகும், நம் கைக்கு வராது.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் இதில்தான் குழப்பம். கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர்க்காரர்கள் சிவகங்கைக்குப் போக வேண்டும். ராயவரம், கோனாபட்டு, பொன்னமராவதிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை. செட்டிநாடு என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் ஆபீஸ் இரண்டு.

‘இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு இலவச அட்டைக்கு நிற்பதா’ என்று கூச்சப்பட்டே வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. முகப்பும் தூணும் யாருக்கும் சோறு போடுவதில்லை. பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் தனியாக இருக்கும் வயசானவர்களின் வருமானம் எவ்வளவு என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். திட்டம் கேட்பது வருமானச் சான்றைத்தான்.

அட்டையை ஊசி போடுவதற்கு முன்பே, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுக்க வேண்டும். பயாப்சி ரிப்போர்ட்டும் டாக்டரின் சிகிச்சைக் குறிப்பும் வைத்து அவர்கள் முன் அனுமதி வாங்குவார்கள். வெளியில் வாங்கிப் போட்டுவிட்டுப் பில்லைக் கொண்டுபோய் நீட்டினால் பணம் வராது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

இனி மருந்தைப் பற்றி. புராஸ்டேட் புற்றுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் தீனி. அதைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு போகிறது. லூப்ரோலைடு அந்த உத்தரவைப் போலவே இருக்கும். ஆனால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். தட்டத் தட்ட பிட்யூட்டரி சுரப்பி மரத்துப்போய் வேலையை நிறுத்திவிடும். மூன்று நான்கு வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

சிக்கல் முதல் இரண்டு வாரத்தில்தான். அடங்குவதற்கு முன் ஹார்மோன் ஒருமுறை ஏறி இறங்கும். எலும்பு வலி கூடலாம். முதுகெலும்புக்குப் பரவியவர்களுக்குக் கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைபடுவது போல் ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஏற்றத்தைத் தடுக்கத்தான் பைகாலுட்டமைடு மாத்திரையைச் சில வாரங்களுக்கு எழுதித் தருவார்கள். ‘ஊசிதான் போட்டாச்சே’ என்று அதை விட்டுவிடாதீர்கள்.

பிறகு வருபவை மெதுவானவை. திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும், தாம்பத்திய நாட்டம் போய்விடும், அசதி, மனச்சோர்வு வரும். அப்பச்சி இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நடு ராத்திரியில் எழுந்து வளவில் போய் உட்கார்ந்திருந்ததை வைத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எலும்பு மெலியும், அதனால் கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தினமும் நடக்க வேண்டும். எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும். சாயங்காலம் கந்தரப்பமும் பணியாரமும் தட்டில் வரும் வீட்டில் இதைச் சொல்வது பாவம்தான். இதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதே மருந்தைப் பெண்களுக்குக் கருப்பை உள்படலப் பிரச்சினைக்கும் கருப்பைக் கட்டிக்கும், எட்டு வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தொடங்கும் பெண் குழந்தைகளுக்கும் கொடுப்பதுண்டு. அங்கே அளவும் காலமும் வேறு. உள்படலப் பிரச்சினைக்குப் பொதுவாக ஒரு சுற்று ஆறு மாதத்துக்குள். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

தேதி தவறினால் ஹார்மோன் திரும்ப ஏறும். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) குறைந்துவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. வருஷக்கணக்கில் ஊசிச் செலவு தாங்காது என்றால் விரையை எடுக்கும் அறுவை சிகிச்சை ஒரே தடவையில் அதே பலன் தரும். அது திரும்ப மாற்ற முடியாத முடிவு என்பதால் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். ஊசியை வாங்கி வைப்பதானால் பெட்டியில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பாருங்கள். சித்திரை வெயிலில் மஞ்சள் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகும் சாமானில்லை அது.

சிகிச்சைக்குச் சென்னை போகிறவர்களுக்கு: புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் சலுகை உண்டு. காரைக்குடியிலிருந்து சென்னை போகும் பல்லவன் ரயிலில் உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்புக்கும் ஏ.சி. சேர் காருக்கும் 75 சதவீதம், துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே அளவு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு டிக்கெட்டே இல்லாத அளவுக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம். ரயில்வே படிவத்தில் மருத்துவமனை கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அடுத்த ஊசிக்குத் தேதி வாங்கும்போதே அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.