சொல் விளக்கம்: சப்சானிக் தோட்டா

சத்தம் குறைவாகச் சுட நினைக்கும் அமெரிக்க, ஃபின்லாந்து வேட்டைக்காரர்களிடையே புழங்கும் சொல் ‘சப்சானிக்’. லத்தீனில் ‘சுப்’ கீழ், ‘சோனுஸ்’ ஒலி. பிரித்துப் பார்த்தவுடன் ‘மெல்லொலித் தோட்டா’ என்று எழுதக் கை போகும். அங்கேதான் வழுக்கல். சொல் பேசுவது ஒலியின் அளவைப் பற்றி அல்ல, ஒலியின் வேகத்தைப் பற்றி.

20 டிகிரி செல்சியஸில் ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். வழக்கமான வேட்டை ரைஃபிளின் குண்டு நொடிக்கு 800 மீட்டரைத் தாண்டும். அதனால் ஒரு வேட்டுக்கு இரண்டு சத்தம். குழல்வாயில் வாயு பீறிடும்போது ‘டமார்’. குண்டு போகிற வழி நெடுக, சாட்டை சொடுக்கியதுபோல் ‘படீர்’. (சாட்டை நுனியும் ஒலியை முந்துவதால்தான் அப்படிச் சொடுக்குகிறது.) குண்டு எழுப்பும் இந்த அதிர்வலையை 1886இல் இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் படம்பிடித்தார்கள். சைலன்சர் மாட்டினால் ‘டமார்’ அடங்கும், ‘படீர்’ அடங்காது. அதற்குக் குண்டையே ஒலியைவிட மெதுவாக்க வேண்டும். அப்படிப்பட்டதுதான் சப்சானிக் தோட்டா.

இங்கேதான் ‘ரீலோடிங்’ வருகிறது: சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி கேப்பு (மருந்தைப் பற்றவைப்பது), வெடிமருந்து, குண்டு வைத்து நிரப்புவது. ‘மறுநிரப்பல்’ என்றால் போதும். மருந்தை மனம்போனபடி குறைக்க முடியாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சோதித்துப் பார்த்த அளவுகளை மட்டும் பின்பற்றுவது அதனால்தான். மெதுவாகப் போகும் குண்டுக்கு வலு வேண்டுமென்றால் எடையைக் கூட்டுவார்கள். 2011இல் முறைப்படி அங்கீகாரம் பெற்ற ‘.300 பிளாக்அவுட்’ தோட்டா வகையில் 14 கிராம் அளவுள்ள குண்டு நொடிக்கு 300 மீட்டரை ஒட்டிப் பறக்கும். இப்படி அடங்கி ஒலிக்கும் வேட்டுக்கு ‘பூனைத் தும்மல்’ என்று ஒரு செல்லப்பெயரும் உண்டு. அகராதிக்காரர்களுக்கு இவ்வளவு அழகாக வராது.

சரி, தமிழில்? ‘தோட்டா’ இந்துஸ்தானியிலிருந்து வந்தது. கூடு, மருந்து, குண்டு சேர்ந்த முழுப்பொருள் அது. பறப்பது குண்டு மட்டுமே. ஈழத்தில் ரவை, சன்னம் என்பார்கள். வெறுங்கூடு அங்கே ‘கோது’. புளியங்கோதை அறிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

‘சப்சானிக்’கிற்குத்தான் பாடு. ‘மீயொலி’யின் எதிர்ச்சொல்லாக ஒன்றைச் செய்யலாமென்றால், பாடநூலில் மீயொலி என்பது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்; ஏவுகணைச் செய்தியிலோ ஒலியை விஞ்சிய வேகம். இந்தக் குழப்பம் நம்முடையது மட்டுமல்ல. ஆங்கிலத்தில் ‘சூப்பர்சானிக்’கும் முதலில் உயர் அதிர்வெண்ணையே குறித்தது, பிறகுதான் வேகத்துக்கு மாறியது.

அதனால் ‘முந்து’ என்ற வினையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஒலியை முந்தினால் ‘ஒலிமுந்து தோட்டா’, முந்தாவிட்டால் ‘ஒலிமுந்தாத் தோட்டா’. ‘அழியாப் புகழ்’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; நடுவில் வரும் ‘த்’ என்ற ஒற்றை விட்டுவிடக் கூடாது. வேகம் என்ற பொருளும் தானாக வந்துவிடுகிறது.

ஒரு வேடிக்கை: குளிரக் குளிர ஒலியின் வேகம் குறையும். உறைநிலைக்கு 20 டிகிரி கீழே அது 319 மீட்டர்தான். கோடையில் 330 மீட்டரில் பறந்த ஒலிமுந்தாத் தோட்டா, ஃபின்லாந்துப் பனியிலும் அதே வேகத்தில் பறந்தால் ஒலிமுந்து தோட்டா.