தன்னொழுங்கமைவு

ஆங்கிலத்தில் செல்ஃப் ஆர்கனைசேஷன். வெளியிலிருந்து யாரும் அடுக்காமலேயே, ஒரு கலவையின் மூலக்கூறுகள் தமக்குள் வினைபுரிந்து ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொள்வது.

ஆங்கிலச் சொல்லின் வேர், கருவி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'ஆர்கனான்'. உடலுறுப்பைக் குறிக்கும் 'ஆர்கன்' என்பதும் அதன் வழி வந்ததே. கடிகாரத்தின் ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தை உண்டாக்காது, உயிரியோ தன்னைத்தானே ஒழுங்கமைத்துக்கொள்வது என்று 1790இல் எழுதினார் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட். 1947இல் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஆஷ்பி இக்கருத்தை, பல பகுதிகள் சேர்ந்து இயங்கும் அமைப்புகளைப் பற்றிய ஆய்வுக்குள் கொண்டுவந்தார்.

வேதியியலில் இதற்குச் சிறந்த சான்று, சோவியத் அறிஞர் பெலூசோவ் கண்ட வினை. சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் உப்பு, கந்தக அமிலம் சேர்ந்த அவருடைய கரைசல் மஞ்சளாகும், நிறமிழக்கும், மீண்டும் மஞ்சளாகும். இப்படி நடக்கவே முடியாது என்று 1951இல் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். 1961இல் மாஸ்கோ மாணவர் ஜபோட்டின்ஸ்கி அந்த ஆய்வைத் தொடர்ந்தார். சீரியத்துக்குப் பதில் ஃபெராயின் என்ற, நிறம் மாறும் இரும்புச் சேர்மத்தைச் சேர்த்துத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றினால், சிவப்பில் நீல வளையங்கள் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எரிபொருள் போன்ற சேர்மங்கள் தீர்ந்ததும் வளையங்கள் நின்றுவிடும். ஆற்றல் பாய்ந்துகொண்டிருக்கும்வரைதான் இத்தகைய ஒழுங்கு நிலைக்கும். இதற்குக் கோட்பாடு வகுத்த பிரிகோஜினுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்ஃப் அசெம்ப்ளி வேறு. கொழுப்பமில மூலக்கூறுகள் நீரில் ஒன்றுகூடி நுண்பையாகின்றன. சமநிலையை நோக்கிச் சென்று அங்கேயே தங்கிவிடுகின்றன. அதற்குத் தன்கூடல் என்ற சொல் போதும். செயற்கை உயிரணு செய்ய முயல்வோருக்கு இரண்டும் தேவை: உறை தன்கூடலால் வரும், உள்ளே ஓயாமல் நடக்கும் வினைகள் தன்னொழுங்கமைவால் வர வேண்டும். வெனிஸில் 2004இல் தொடங்கிய ஐரோப்பிய மையம் இத்துறையை 'லிவிங் டெக்னாலஜி' என்கிறது. நாம் உயிர்நிகர் தொழில்நுட்பம் எனலாம்.

தன்னொழுங்கமைப்பு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். அமைத்தல் பிறவினை, அமைப்பு என்றதும் அமைப்பவர் ஒருவர் வந்து நிற்கிறார். அமைதல் தன்வினை, அதன் பெயர் அமைவு. அமைப்பவர் இல்லை என்பதே இக்கருத்தின் உயிர் என்பதால் அமைவுதான் சரி. வினைச்சொல்லாக எழுதும்போது 'வளையங்கள் தாமாக ஒழுங்கமைகின்றன' என்க; 'ஒழுங்கமைக்கப்படுகின்றன' என்றால் பொருள் கெடும்.